பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் 24 டாலரா?

தம்பி, "பத்து நாள் வீடு பூட்டிக் கிடந்தது, அப்படியும் கரண்ட் பில்லில் தனியாக 24 டாலர் போட்டிருக்கிறார்கள், இது என்ன கொள்ளை?" என்று கேட்டிருந்தீர்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்று நம் ஊரில் பழகிவிட்டு கலிஃபோர்னியாவில் இர்வைனுக்கு வந்தால் அப்படித்தான் தோன்றும்.

அந்த 24.15 டாலர் மாதாந்திர நிலைக்கட்டணம். 2022-ல் வந்த சட்டத்தின்படி, கலிஃபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2024 மே மாதம் அனுமதித்தது. கம்பம், கம்பி, காட்டுத்தீத் தடுப்பு வேலை என்று ஆகும் செலவையெல்லாம் முன்பு யூனிட் விலையிலேயே ஏற்றி வைத்திருந்தார்கள். இப்போது அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவிட்டு, யூனிட்டுக்கு 5 முதல் 7 சென்ட் வரை குறைத்திருக்கிறார்கள்.

இந்த மாற்றம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். எங்கள் வீட்டு கேஸ் வாட்டர் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தபோது, கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் வகை வாங்கலாம் என்றேன். பிளம்பர் வேண்டாமென்றார், கரண்ட் விற்கிற விலைக்கு கேஸே மலிவு என்றார். அன்றைய கணக்கில் அவர் சொன்னது சரி. கேஸைக் கைவிடத் துணிகிறவர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றால் யார் மாறுவார்கள்? மனசு கேட்காமல் ஹீட் பம்பையே வாங்கினேன். கராஜில் ஃபிரிட்ஜ் மாதிரி மெல்ல உறுமிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் போனால் காலில் குளிர்ந்த காற்று படும். காற்றிலுள்ள சூட்டைத்தானே உறிஞ்சித் தண்ணீருக்குள் ஏற்றுகிறது! காலை 10 மணிக்கு ஓடி 3 மணிக்கு நிற்கும்படி டைமர் வைத்திருக்கிறேன். ராத்திரி பிள்ளைகள் குளிக்கும் வரை சூடு தாங்குகிறது.

ஆனால் உங்களுக்கு இதில் நஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். ஒற்றை படுக்கையறை வீட்டில் மாதம் 200 யூனிட் என்றால், யூனிட் விலையில் மிச்சமாவது 12 டாலர்போல. மீதி 12 கைவிட்டுப் போகிறது. சுமார் 400 யூனிட் தாண்டினால்தான் லாபம். வருமானத்துக்கு ஏற்ப இந்தக் கட்டணம் ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். கடைசியில் குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டும் குறைத்தார்கள். பெரிய பங்களாவுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரே 24.15. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கான 'கேர்' சலுகைக்கு உங்கள் குடும்ப வருமானம் பொருந்துமா என்று உடனே பாருங்கள். கிடைத்தால் 6 டாலர்தான்.

அப்புறம், நேரம். மாலை 4 முதல் 9 வரைதான் விலை உச்சம். வெயில் இறங்கி சோலார் மங்குகிற அதே நேரத்தில் எல்லோரும் வீடு திரும்பி ஏசி போடுகிறார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்ப கேஸ் மின்நிலையங்களை முடுக்க வேண்டியிருக்கிறது. பகலிலோ மின்சாரம் மிஞ்சிப்போய் சோலாரை நிறுத்தி வைக்கிற நாளும் உண்டு. அதனால் துணி துவைப்பதைப் பகலுக்கு மாற்றுங்கள். டிஷ்வாஷரில் தாமதமாகத் தொடங்க ஒரு பொத்தான் இருக்கும். சாப்பிட்டதும் அடுக்கிவிட்டு 9 மணிக்கு மேல் ஓடும்படி வையுங்கள். எலக்ட்ரிக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால், அபார்ட்மென்ட்டில் சார்ஜர் உண்டா, அதற்கு யூனிட் என்ன விலை போடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அடுத்த பில் வந்ததும் எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.