‘உயிர் பிழைத்ததே பெரிது’ என்பதற்காக வலியை மறைக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 46 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து இரண்டரை ஆண்டு ஆகிறது. முதலில் டாக்ஸோரூபிசின் சேர்ந்த மருந்து நான்கு தடவை, அப்புறம் பாக்லிடாக்ஸல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தடவை. இப்போது டமாக்சிஃபென் மாத்திரை ஓடுகிறது. ஸ்கேன் எல்லாம் நன்றாக வருகிறது. ஆனால் இரண்டு பாதமும் மரத்தே கிடக்கின்றன, இரவில் எரிகின்றன. போன மாதம் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்திருக்கிறேன். பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொன்னார். சின்னப் பொத்தான் போட முடிவதில்லை. அலுவலகத்தில் கணக்கு வேலை. மதியத்துக்கு மேல் உடம்பு ஓய்ந்துவிடுகிறது, தினம் பார்ப்பவர்களின் பெயர்கூட வாயில் வருவதில்லை. வீட்டில் சொன்னால், ‘அதான் எல்லாம் சரியாகிவிட்டதே, உயிர் பிழைத்ததே பெரிது’ என்கிறார்கள். அதனால் டாக்டரிடமும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே சொல்லிவிட்டு வருகிறேன். நரம்புக்கு நானாகச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். இதெல்லாம் எப்போது போகும்? இவ்வளவுக்குப் பிறகும் குறை சொல்கிற நான் நன்றி கெட்டவளா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. பாதம் எரிகிறது என்று சொல்வதற்கும் நன்றிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உங்களைக் காப்பாற்றிய மருந்துதான் நரம்பையும் பாதித்திருக்கிறது. காப்பாற்றியதற்கு நன்றி சொல்லலாம். பாதிப்புக்கு வைத்தியமும் கேட்கலாம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, டாக்டரிடம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வருகிறீர்களே, அந்த வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பாதம்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள் கலைந்து கலைந்து சேர வேண்டும். பாக்லிடாக்ஸல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்துவிடும். புற்றுநோய் செல் பிரிய முடியாமல் செத்துப்போகும். ஆனால் அதே குழாய்கள் நரம்புக்குள்ளும் இருக்கின்றன. கால் விரலில் தொடு உணர்வைத் தரும் நரம்பு செல், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து அதன் இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீண்டு விரல் நுனிக்கு வருகிறது. அவ்வளவு தூரமும் சரக்கு போவது இந்தக் குழாய்களைத் தண்டவாளமாகக் கொண்டுதான். தண்டவாளம் கெட்டால் கடைசி ஸ்டேஷன்தான் முதலில் தவிக்கும். அதனால்தான் கால் விரலில் ஆரம்பித்து, பாதம் ஏறி, பிறகு கை விரலுக்கு வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, காலுறையும் கையுறையும் மூடும் இடத்தில். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

எப்போது போகும்? பாக்லிடாக்ஸல் போட்டுக்கொண்ட பலருக்குச் சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களிலேயே கணிசமாகக் குறையும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். இரண்டரை ஆண்டு கழித்தும் இருப்பது முழுவதும் மறைந்துவிடும் என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது. ஆனால் எரிச்சலைக் குறைக்க முடியும், விழாமல் பார்த்துக்கொள்ள முடியும், கையையும் காலையும் மறுபடி நம்பும்படி பழக்க முடியும். இரண்டரை ஆண்டாக இதில் எதற்குமே யாரும் உங்களுக்கு உதவவில்லை. நீங்கள் கேட்காததும் அதற்கு ஒரு காரணம்.

எரிச்சலுக்கு, அதாவது வலிக்கு, ஒழுங்கான ஆய்வில் பலன் காட்டிய மாத்திரை ஒன்று உண்டு: டுலாக்ஸெடின். 2013-ல் வெளியான ஆய்வு அதற்கு அடிப்படை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-ல் புதுப்பித்த வழிகாட்டியிலும், கீமோவால் வந்த நரம்பு வலிக்குப் பரிந்துரைக்கப்படும் ஒரே மாத்திரை அதுதான். அது வலியைத்தான் குறைக்கும், மரப்பை நீக்காது. அதே மாத்திரை மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவது; எழுதிக் கொடுத்தால், ‘எல்லாம் மனசில்தான் என்று நினைத்துவிட்டாரோ’ என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் விஷயத்தில் ஒன்று முக்கியம். டமாக்சிஃபென் உடம்பில் முழுப் பலன் தர, கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். டுலாக்ஸெடின் அந்த நொதியை ஓரளவு தடுக்கக்கூடியது. ஆகவே வேறு ஒருவரிடம் இருக்கிறதே என்று வாங்கிப் போட்டுவிடாமல், இரண்டையும் ஒன்றாகப் பார்த்து உங்கள் புற்றுநோய் மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆரம்பித்தால் திடீரென நிறுத்தவும் கூடாது.

சத்து மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்த அட்டையை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். பைரிடாக்சின் என்று இருந்தால் அது வைட்டமின் பி6. அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே பாதத்தை மரக்க வைக்கும். அசிட்டைல் எல்-கார்னிட்டைன் என்று ஒன்று நரம்பு மாத்திரைகளில் அடிக்கடி சேர்ந்திருக்கும். பாக்லிடாக்ஸல் வகை மருந்து வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நரம்புப் பாதிப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பி12 குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது அவசியம்தான், ஆனால் அதை ரத்தப் பரிசோதனை சொல்ல வேண்டும். சர்க்கரையும் தைராய்டும் அதே பரிசோதனையில் பார்த்துவிடலாம். மரப்புக்குக் கீமோதான் காரணம் என்று தெரிந்த பிறகும் இவற்றைப் பார்ப்பது எதற்கு என்றால், இவை சரிசெய்யக்கூடியவை. ஏற்கெனவே அடிபட்ட நரம்புக்கு இன்னொரு பாரம் ஏன்?

அந்தச் செருப்பு சம்பவத்துக்கு வருவோம். பாதத்துக்கு உணர்வு குறைந்தவர்கள் தெரியாமலே கண்ணை நம்பி நடக்கிறார்கள். வெளிச்சத்தில் சமாளித்துவிடுவார்கள். விழுவது பெரும்பாலும் இருட்டில், அல்லது குளியலறையில் முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும் அந்தச் சில விநாடியில். இனிமேல் முகம் கழுவும்போது ஒரு கை சுவரிலோ கைப்பிடியிலோ இருக்கட்டும், இல்லையென்றால் உட்கார்ந்து கழுவுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். செருப்புக்குப் பின்வார் கட்டாயம். ஷூ போட்டால், காலை விடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்; ஒரு சின்னக் கல் நாள் முழுவதும் குத்திப் புண்ணாக்கினாலும் உங்களுக்குத் தெரியாது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், விரலால் வேண்டாம். எரிகிறது, மரக்கிறது என்று வெந்நீர்ப் பையை மட்டும் பாதத்தில் வைத்துவிடாதீர்கள். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலை ஒரு தடவை கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அப்புறம் பிசியோதெரபி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சுவரை ஒட்டி நின்று ஒற்றைக்காலில் சமநிலை பழகுவது, ஒரு பாதத்தின் முன் மற்றதை ஒட்டி வைத்து நடப்பது, இவை பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். நரம்பு கொடுக்காத தகவலைத் தசையும் மூட்டும் ஈடுகட்டப் பழகுவது இப்படித்தான். முதல் சில தடவை பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பொத்தானுக்கும் கைக்கும், அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருந்தால் நல்லது. பேனாவுக்குத் தடிமனான பிடி, பொத்தான் மாட்டும் கொக்கி என்று எளிய சாதனங்கள் அவர்களிடம் உண்டு.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்து வாங்கியவர்களுக்குக் கீமோ நின்ற பிறகும் சில மாதம் மரப்பு கூடிக்கொண்டே போவது உண்டு. பலர் நோய் திரும்பிவிட்டது என்று நடுங்கிப்போகிறார்கள். அந்த மருந்துகளின் குணம் அது. மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். சிஸ்பிளாட்டின் காதையும் பாதிக்கும். காதில் ஓயாத ரீங்காரம், கூட்டத்தில் பேச்சு புரியாமல் போவது என்றால் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அசதி, தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு மூன்றையும் பார்க்க வேண்டும். டமாக்சிஃபெனால் இரவில் உடம்பு கொதித்து வியர்த்து எழுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிறைய பேருக்கு உண்டு. தூக்கம் உடைந்தால் பகல் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் அசதி நீடித்தால், அதிகம் நிரூபணமான மருந்து உடற்பயிற்சிதான். சோர்ந்து கிடப்பவரிடம் நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும், எனக்குத் தெரியும். 2019-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று சொன்ன அளவு, வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடை. அது போய்ச் சேர வேண்டிய இடம், நீங்கள் பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் பாக்கி வேலையெல்லாம் ஒரே மூச்சில் செய்து முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது இந்த அசதியின் வழக்கமான கண்ணி. நல்ல நாளிலும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

பெயர் மறப்பது, சொல் நாக்கில் நின்றுவிடுவது, இதுவும் கீமோவுக்குப் பிறகு நிறைய பேர் சொல்வதுதான். மறதி நோய் வந்துவிட்டதோ என்ற பயம் வேண்டாம். இங்கே இடிப்பது பெரும்பாலும் கவனமும் வேகமும்தான். தூக்கமும் அசதியும் சரியாகும்போது இதுவும் ஓரளவு தெளியும். கணக்கு வேலையில் சிக்கலானதைக் காலையில் முடியுங்கள். ஒரு வேலை முடிந்த பிறகு அடுத்தது. பல சீட்டுகள் வேண்டாம், ஒரே நோட்டுப் புத்தகம்.

டாக்ஸோரூபிசின் என்று எழுதியிருப்பதால் இதயத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்த மருந்து, மொத்த அளவு கூடக் கூட இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் வாய்ப்பும் கூடும். அது ஆண்டுகள் கழித்தும் தெரியலாம். வழக்கமான நான்கு தடவையில் போகும் அளவு பொதுவாக மிக அதிகம் என்று கருதப்படுவதில்லை. ஆனாலும் படி ஏறினால் முன்பில்லாத மூச்சிரைப்பு, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல், கணுக்கால் வீக்கம் வந்தால் ‘அசதிதானே’ என்று விடாதீர்கள். இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனான எக்கோ ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். மருத்துவமனையில் உங்கள் சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிகளில், கதிர்வீச்சு இருந்தால் எந்தப் பக்கம். பத்து ஆண்டு கழித்து வேறு ஒரு மருத்துவர் உங்களைப் பார்க்கும்போது அந்த ஒரு தாள் பெரிய உதவி.

இப்போது அந்த ‘நன்றாக இருக்கிறேன்’. மருத்துவர்கள் இந்தப் பாதிப்பைத் தரம் பிரிப்பது எப்படி என்று தெரிந்தால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். வலியை வைத்து மட்டும் இல்லை. எந்த வேலை தடைபடுகிறது என்பதை வைத்து. சமைப்பது, கடைக்குப் போவது, பணத்தைக் கையாள்வது தடைபட்டால் ஒரு தரம். உடுத்துவது, குளிப்பது தடைபட்டால் அதற்கும் மேல். நீங்கள் வெட்கப்பட்டு மறைத்த அந்தப் பொத்தான்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நோயாளி அனுபவிப்பதைவிட மருத்துவர் குறிப்பில் குறைவாகவே பதிவாகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மருத்துவர் அக்கறையில்லாதவர் என்பதால் அல்ல, உங்களைப் போல நல்ல மனசுக்காரர்கள் சொல்லாமல் வருவதால்தான். போகும்போது நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள்: செருப்பு கழன்றது தெரியவில்லை. பொத்தான் போட முடியவில்லை. எரிச்சலால் இரவில் இத்தனை முறை விழிக்கிறேன். மதியத்துக்கு மேல் வேலை ஓடவில்லை. ‘எப்படி இருக்கீங்க?’ என்று அவர் கேட்டதும் அந்தத் தாளை மேஜையில் வையுங்கள். வாய் பழக்கத்தில் ‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்று சொல்லிவிட்டாலும் தாள் உண்மையைச் சொல்லிவிடும்.

வீட்டாரைப் பற்றி. அவர்களும் உங்களை இழந்துவிடுவோமோ என்று பயந்து கிடந்தவர்கள். ‘அதான் சரியாகிவிட்டதே’ என்பது பாதி அவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்வது. அதற்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ‘என்னைப் புரிந்துகொள்ளுங்கள்’ என்று கேட்டால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘ராத்திரி என் உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஒரு வாரம் அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்த்தவர், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அதன் பிறகு சொல்லமாட்டார். அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அறைக்குள் கூட்டிப்போங்கள்.

ஒன்று மட்டும் தனியாக. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே மாதிரி இருந்த மரப்பு திடீரென்று கூடினால், ஒரு பக்கம் மட்டும் வந்தால், கால் பலம் இழந்து துவண்டால், முதுகில் புதிதாக விடாத வலி வந்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால், பழைய பக்கவிளைவுதான் என்று வீட்டில் இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, உங்கள் அடுத்த செக்கப் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அது தூரத்தில் இருந்தால் அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே போன் செய்து முன்கூட்டி நேரம் கேளுங்கள்.