குடிப்பதற்கு முன் புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா) எடுத்தால் ஹேங்ஓவர் வராதா?

அதை நம்பி ஒரு ரவுண்டு கூடுதலாகப் போடாதீர்கள்.

குடித்த ஆல்கஹாலில் பெரும்பகுதி சிறுகுடல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும், அதைச் சமாளிப்பது பெரும்பாலும் கல்லீரல்தான். அங்கே ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடாக மாற்றும், இது ஆல்கஹாலைவிட மோசமான நச்சு, அப்புறம் இன்னொரு நொதி அதை அசிட்டேட்டாக்கிச் சாதுவாக்கிவிடும். ஜப்பான், கொரியா, சீனாவில் நிறையப் பேருக்கு இந்த இரண்டாவது நொதி பிறவியிலேயே மந்தம். அரை கிளாஸ் பீருக்கே முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும்.

2019இல் அமெரிக்காவில் இசட்பயாட்டிக்ஸ் என்ற நிறுவனம் விற்க ஆரம்பித்த குப்பியில் இருப்பது, அந்த இரண்டாவது நொதியின் வேலையைச் செய்யும் நொதியைக் குடலுக்குள் உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா. யோசனை என்னவோ கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் குடலில் உருவாகும் அசிட்டால்டிஹைடைத்தான் அது தொட முடியும், கல்லீரலில் உருவாவதை அல்ல. தவிர, மறுநாள் தலைவலிக்கு நீர்ச்சத்துக் குறைவு, அரைகுறைத் தூக்கம், வயிற்று எரிச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. போதையும் இதனால் குறையாது, வண்டிச் சாவியைத் தொடவே வேண்டாம்.

சரி, நல்ல பாக்டீரியா இயல்பாகவே இருக்கும் தயிர்? வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஆல்கஹால் மெதுவாக ஏறும், தயிர்சாதத்தால் கிடைப்பது அந்தப் பலன்தான். இட்லி தின்றாலும் அதே.