பிஎச் மருந்து இரண்டாவது பாட்டில் வாங்கலாமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறோம். மகள் கேட்டாள் என்று 2 அடி மீன் தொட்டி வாங்கினேன். கடையில் வெள்ளைக் கல், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் அளவு) குறைக்கும் மருந்து, பிஎச் பார்க்கும் சொட்டு பாட்டில் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் போர் தண்ணீரை ஊற்றிச் சோதித்தால் நீலமாக, அதாவது பிஎச் அதிகம் என்று வருகிறது. மருந்து விட்டால் பச்சையாகிறது, மறுநாள் காலையில் மறுபடி நீலம். பத்து நாளில் பாட்டில் தீரப் போகிறது. இன்னும் மீன் விடவில்லை. பெரிய பாட்டிலாக வாங்கிவிடட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். மீன் விடாமல் பொறுத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுவே பாதிக் காரியம் முடிந்த மாதிரி.

உங்கள் மருந்தில் கோளாறு இல்லை. போர் தண்ணீரில் பைகார்பனேட் உப்பு நிறைய கரைந்திருக்கும். இதன் அளவைத்தான் மீன் வளர்ப்பவர்கள் கேஎச் என்கிறார்கள். பிஎச் சட்டென்று இறங்காமல் பிடித்து நிறுத்துவது இந்த உப்புதான். நீங்கள் விடும் அமிலம் அதில் கொஞ்சத்தைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அந்த வாயு தண்ணீரில் இருக்கும் வரை பிஎச் இறங்கியிருக்கும். ராத்திரி முழுக்க ஏர் மோட்டார் ஓடியதும் வாயு வெளியேறிவிடும், காலையில் பழைய நீலம் வந்துவிடும். மீன் இருந்திருந்தால் தினமும் இந்த ஏற்ற இறக்கத்தில் அதுதான் திணறியிருக்கும். 8 என்று நிலையாக இருக்கும் தண்ணீரைப் பெரும்பாலான மீன்கள் பழகிக்கொள்ளும். காலையில் 8, மாலையில் 7 என்றால் தாங்காது.

இன்னொன்று. சொட்டு பாட்டிலோடு வந்த நிற அட்டையைப் பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 6.0 முதல் 7.6 வரை காட்டும் வகை. அதில் 7.6-க்கு மேல் எதுவானாலும் ஒரே நீலம்தான். 7.8-ஆ 8.4-ஆ என்று அது சொல்லாது. நம் ஊர் போர் தண்ணீருக்கு 7.4 முதல் 8.8 வரை காட்டும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மருந்துக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு கேஎச் சோதனை பாட்டிலை முதலில் வாங்குங்கள். சின்னக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டு ஆட்டிக்கொண்டே வாருங்கள். நீலம் மஞ்சளாக மாறும்போது எத்தனை சொட்டோ அதுதான் உங்கள் கேஎச். ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். போரிலிருந்து எடுத்தவுடன் பார்க்காதீர்கள். ஒரு வாளியில் பிடித்து ஒரு நாள் காற்று விட்டுப் பிறகு பிஎச்சும் கேஎச்சும் பாருங்கள். நிலத்தடி நீர் வெளியே வந்ததும் வாயு பிரிந்து பிஎச் தானாகவே ஏறும்.

கேஎச் 10, 12 என்று வந்தால் அந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் இந்த மாதிரி போர் தண்ணீரில் கொழுகொழுவென்று வளரும். மகள் கேஎச் குறைந்த தண்ணீர் கேட்கும் நியான் டெட்ரா மீன்தான் வேண்டும் என்றால் பாதி போர், பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே அளவு கலக்க வேண்டும், அதுதான் முக்கியம். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். அதில் பிஎச்சைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது.

சேலத்தில் பல வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. குழாயில் மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் அதை ஊற்றுவார்கள், வராத வாரம் போர் தண்ணீர். இரண்டின் கேஎச்சும் வேறு வேறு. ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் தேவை.

அந்த வெள்ளைக் கல் மார்பிள் சிப்ஸாக இருந்தால் அதுவும் கேஎச்சை ஏற்றும். வினிகர் விட்டு நுரைக்கிறதா பாருங்கள் என்பார்கள். மார்பிள் நுரைக்கும். ஆனால் நம் சேலத்தில் கிடைக்கும் மேக்னசைட் என்ற வெள்ளைக் கல்லும் கார்பனேட்தான், அதைப் பொடியாக்காமல் குளிர்ந்த வினிகர் விட்டால் நுரை லேசில் வராது. அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு கை கல்லைப் போட்டு ஒரு வாரம் வையுங்கள். கேஎச் ஏறினால் கல்லை எடுத்துவிடுங்கள். மோலி வளர்ப்பதானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் ஊற்றுத் தண்ணீரில் தொட்டி வைத்தேன். முதலில் பிஎச் 7, இரண்டு மாதத்தில் 6. கேஎச் ஒரு சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடலாமா?

பதில்: மொத்தமாக மாற்றவே மாற்றாதீர்கள், ஆபத்து அதில்தான் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நல்ல பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த வேலை கேஎச்சைத் தின்றுதான் நடக்கும். உங்கள் தண்ணீரில் முதலிலேயே கொஞ்சம்தான் இருந்தது, அது தீர்ந்துபோயிற்று. பிஎச் 6-க்கு வந்ததும் பாக்டீரியாக்களும் சோர்ந்துபோகும், அம்மோனியா சேரும். அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் விஷம் குறைந்த அம்மோனியமாக இருக்கும். திடீரென்று பிஎச் ஏறினால் விஷமாக மாறிவிடும். 7-லிருந்து 8-க்குப் போனாலே விஷ அம்மோனியாவின் பங்கு சுமார் 10 மடங்கு ஆகும்.

தினம் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள். மாற்றும் தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்துக்கொள்ளலாம். 50 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் கேஎச் ஏறக்குறைய 3 ஏறும். அப்புறம் ஒரு கைப்பிடி மார்பிள் சிப்ஸைத் துணிப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்துவிடுங்கள். கரையக் கரைய அது தானே ஈடுகட்டும். இது சில ரூபாய்க் காரியம், பிஎச்சை நிலையாக வைக்க விற்கும் விலை உயர்ந்த பஃபர் பொடி தேவையில்லை. நீங்கள் பணம் போட வேண்டியது ஹீட்டரில். மார்கழிக் குளிரில் அது இல்லாமல் முடியாது.

கேள்வி: வாங்கிய பிஎச் பேனா மீட்டர் எதில் வைத்தாலும் 9.1 காட்டுகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் மீட்டரோடு வந்த 6.86 பொடியை (கரைத்தால் பிஎச் 6.86 காட்ட வேண்டியது) கரைத்துச் சரிசெய்து பாருங்கள். அதிலும் அசையவில்லை என்றால் பொருள் பழுது. பில்லில் திரும்பப் பெறும் காலம் எதுவும் குறிப்பிடாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பில்லோடு நேரில் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.