தலைமாட்டில் வைத்த போன்

கேள்வி: எனக்கு 56 வயது. வீட்டில் நானும் மாமியாரும்தான். ஒரே மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடமாகப் பூசைக்குப் போவதில்லை. கேட்டால் பேச்சை மாற்றி ஆச்சியை விசாரிக்கிறான். புளியம்பட்டி அந்தோனியாருக்கு 13 செவ்வாய் நேர்ச்சை முடித்தேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன். மாமியார் படுக்கையில் இருப்பதால் போனில் செபமாலையைப் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தினமும் காலைப் பூசைக்குப் போகிறேன். புனித மோனிக்காவின் கண்ணீருக்கு, வழிதவறிப்போன மகன் அகுஸ்தீன் திரும்பக் கிடைத்தார். நான் இனி எந்தப் புனிதரிடம் வேண்டுவது?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: சகோதரி, எந்தப் புனிதர் என்பதை அப்புறம் பார்ப்போம். பிள்ளை கோயிலுக்குப் போகவில்லை என்று அழும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. உங்கள் கடிதத்தில் அந்தப் போன் இருக்கும் வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

செபமாலை என்பது ஒருவர் முன்பாதியைச் சொல்லி நிறுத்த, மற்றவர் பின்பாதியைச் சொல்லும் செபம். போன் இரண்டு பாதியையும் தானே சொல்லிவிடும், யாருக்காகவும் நிற்காது. உங்கள் மாமியார் வயதுக்காரர்கள் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தவர்கள். போனில் 'அருள் நிறைந்த மரியே' என்று ஓடிக்கொண்டிருக்கும். அவர் பழைய வார்த்தையை வாய்க்குள் எடுத்து முடிப்பதற்குள் அது மாலையின் அடுத்த மணிக்குப் போயிருக்கும். நடுவில் இருமல் வந்தால், தண்ணீர் வேண்டுமென்றால், யாரைக் கூப்பிடுவார்? நீங்கள் அந்த நேரத்தில் கோயிலில் முழங்காலில் இருக்கிறீர்கள். இதைப் பக்தி என்று என்னால் சொல்ல முடியாது. மன்னியுங்கள்.

நீங்கள் தினமும் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிறீர்கள். அவர் கடைசியாக எப்போது வாங்கினார்? கடிதத்தில் அது இல்லை. பங்குச்சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவருவார். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலும் கேளுங்கள். 'அவஸ்தைப்பூசுதல்' என்று சொன்ன காலத்துப் பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது, சாமியார் எண்ணெயோடு வந்தால் உயிர் போகப்போகிறது என்று. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருட்சாதனம் இல்லை அது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) சொல்லி 60 வருடம் ஆகிவிட்டது. முதுமையில் தளர்ந்தவர்களுக்கும் அது உண்டு.

மோனிக்காவைச் சொன்னீர்கள். சரி, அவரை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். 387-இல் ரோமைக்குப் பக்கத்தில் ஓஸ்தியாவில் அவர் இறந்தபோது அவருக்கும் உங்கள் வயதுதான். பிறகு அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்த அகுஸ்தீன் கண்ணீரை மட்டும் எழுதவில்லை. மோனிக்காவுக்கும் ஒரு மாமியார் இருந்தார். வேலைக்காரிகள் கோள்மூட்டியதில் அவருக்கு முதலில் மருமகளைக் கண்டாலே ஆகாது. மோனிக்கா பொறுமையாலும் பணிவிடையாலும் அவர் மனதை மாற்றினார். கடைசியில் மாமியாரே தன் மகனிடம் போய், கோள்சொன்னவர்கள் யார் யார் என்று காட்டிக்கொடுத்தார். அம்மா போன பிறகு, மகன் ஞாபகமாக எடுத்து எழுதியவற்றில் இதுவும் ஒன்று. உங்கள் பிள்ளை நாளைக்கு உங்களைப் பற்றி என்ன சொல்வான்?

அவன் பேச்சை மாற்றுகிறான் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தது யார், நீங்களா, ஆச்சியா? தனக்குச் செபம் சொல்லித்தந்தது பாட்டி ரோசாதான் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். தாத்தா பாட்டிகளுக்கென்று ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை 2021-இல் திருச்சபைக்குத் தந்தவரும் அவரே. உங்கள் மகனுக்கும் கோயிலுக்கும் நடுவே அறுந்துபோகாமல் இருக்கிற நூல் அந்தக் கட்டிலில்தான் படுத்திருக்கிறது. அதன் தலைமாட்டில் நீங்கள் போனை வைத்திருக்கிறீர்கள்.

வீட்டு முதியவர்களைப் பார்ப்பது எல்லா நேர்ச்சைக்கும் முந்திய கடமை என்று நம்புகிறவன் நான். ஞாயிறு பூசை கடன், அதை விடாதீர்கள். பக்கத்து வீட்டில் யாரையாவது அவரோடு உட்காரச் சொல்லிவிட்டுப் போங்கள். மற்ற சாதாரண நாள் பூசை கடன் இல்லை. நாளைக் காலை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். பழைய செபம் உங்களுக்கு மறந்திருந்தால் அவரே எடுத்துக்கொடுக்கட்டும், நீங்கள் பின்பாதியைச் சொல்லுங்கள். ஐந்து தேவரகசியமும், அதாவது மாலையின் ஐந்து பகுதியும், முடிய வேண்டும் என்றில்லை. மூச்சு வாங்கினால் ஒன்றோடு நிறுத்துங்கள். அடுத்த முறை மகன் கூப்பிடும்போது, பூசைக்குப் போனாயா என்று கேட்காதீர்கள். போனை ஆச்சி கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.