பாடவும் ஆடவும் தெரியாத நான், அமெரிக்காவில் எங்கள் ஊர் கம்யூனிட்டி தியேட்டரில் (ஊர்க்காரர்களே சேர்ந்து நாடகம் போடும் குழு) போடும் 'சவுத் பசிபிக்' என்ற இசை நாடகத்தில் சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள், மேடைக்குப் பின்னால். நீங்களும் என்னைப் போல இங்கே வந்து வருஷக்கணக்காகியும் ஆபீஸ், வீடு, மளிகைக்கடை என்று இருப்பவர் என்றே நினைத்து எழுதுகிறேன்.

ஒஹாயோவில் எங்கள் ஊரில் இதே நாடகம் போட்டபோது நான் ப்ராப்ஸ், அதாவது மேடையில் பயன்படுத்தும் பொருட்களை, பார்த்துக்கொண்டேன். கதை இதுதான்: இரண்டாம் உலகப்போர் காலத்துப் பசிபிக் தீவு. ஆர்கன்சாவிலிருந்து வந்த நெல்லி என்ற நர்ஸுக்கும் எமில் என்ற பிரெஞ்சுத் தோட்ட முதலாளிக்கும் காதல். அவருடைய இறந்துபோன மனைவி வெள்ளைக்காரி இல்லை, பாலினேசியப் பெண், அதாவது பசிபிக் தீவுக்காரி என்று தெரிந்ததும் நெல்லி விலகிப் போகிறாள்.

அதற்கு முன்னால், முதல் அங்கத்தில், அவள் பாடிக்கொண்டே மேடையில் தலைக்குக் குளிப்பாள். நிஜத் தண்ணீர், நிஜ ஷாம்பு. 1949இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நெல்லியாக நடித்த மேரி மார்ட்டின் வாரம் எட்டுக் காட்சிகள் இப்படித்தான் குளித்துப் பாடினார். எங்களுக்கு மொத்தம் ஒன்பது காட்சிகள். ஒன்பதுக்கும் தண்ணீர் என் பொறுப்பு. ஒத்திகையில் ஒருமுறை தண்ணீர் ஆறிப்போய், நெல்லியாக நடித்த பெண்ணுக்கு மூச்சடைத்து ஒரு வரி விட்டுப்போனது. அன்றிலிருந்து கெட்டிலில் காய்ச்சி, விளாவி, பச்சைக்குழந்தைக்குப் பார்ப்பது போல முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் தொட்டியில் ஊற்றுவேன். அதிகம் நுரைக்காத ஷாம்பு வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு முடிவதற்குள் அலச முடியாது. கடைசிக் காட்சி முடிந்ததும் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணீர் ஊற்றுவதெல்லாம் ஒரு கலையா, அவர்களுக்குச் சேவகம்தானே" என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒன்பது நாளும் என்னை யாரும் அப்படி நடத்தவில்லை. நிகழ்ச்சிப் புத்தகத்தில் நடிகர்களுக்கு அடுத்த பக்கத்திலேயே என் பெயர் இருந்தது. நம் ஆட்களின் விழாவில் என்ன நடந்தது? பிள்ளைகள் இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த இருபது நிமிட நாடகத்தை எட்டு நிமிடமாகக் குறைக்கச் சொன்னார்கள். பொன்னாடை போர்த்த மட்டும் முக்கால் மணி நேரம் இருந்தது. என் மகள் காரில் அழுதுகொண்டே வந்தாள். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். இது பழசு, தீவு மக்களைக் காட்டும் விதம் சரியில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன்; லியாட் என்ற தீவுப் பெண்ணுக்குப் பேச்சே அனேகமாகக் கிடையாது. ஆனால் வெறுப்பு பிறவியிலேயே வருவதில்லை, சின்ன வயதில் சொல்லிக்கொடுத்து வருவது என்று ஒரு பாட்டு இதில்தான் இருக்கிறது. 1953இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் கண்டனம் செய்த பாட்டு அது. ஒவ்வொரு இரவும் கையில் ஈரத்துண்டோடு திரை ஓரம் நின்று அதைக் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூடச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடிந்ததில்லை.

ஆடிஷன் (நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்) நாளன்றே போய் ஸ்டேஜ் மேனேஜரிடம் பெயர் கொடுங்கள். பின்னால் வேலை செய்ய ஆள் எப்போதும் போதாது. கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், சத்தம் வராத ஷூ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தண்ணீர் வேலையைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.