வாசகர் கேள்வி பதில்: குறும்படத்துக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஆக்‌ஷன் குறும்படம் எடுக்கிறோம். கையில் மொத்தமே நாற்பதாயிரம் ரூபாய்தான். பொம்மைத் துப்பாக்கி வைத்தால் சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. காசில்லாத ஆட்கள் வெளிநாட்டில் எப்படிச் சமாளித்தார்கள்? (குறும்படக் குழு, ஈரோடு)

பதில்: பயம் நியாயமானதுதான், ஆனால் நிஜத் துப்பாக்கி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1992-ல் வந்த ‘எல் மரியாச்சி’ படத்தை இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில், மெக்சிகோவில் சியுடாட் அகுன்யா என்ற சின்ன ஊரில் எடுத்தார். உள்ளூர் போலீசிடமிருந்தே நிஜத் துப்பாக்கிகளை இரவல் வாங்கி, குண்டில்லாத வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்தால், ஒரு வெடியோடு சிக்கி நின்றுவிட்டது. காரணம் எளிது. இயந்திரத் துப்பாக்கி அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ள உள்ளே அழுத்தம் வேண்டும், முன்னால் அடைத்துக்கொண்டு போக குண்டு இல்லாததால் வெடித்த வாயு முழுக்கக் குழல் வழியே வெளியே போய்விடுகிறது. பெரிய படங்களில் குழலுக்குள் ஒரு அடைப்பு வைத்து இதைச் சரிசெய்வார்கள், இவரிடம் அதற்கு வசதியில்லை. அதனால் ஒரே ஒரு வெடியை நாலைந்து கோணத்தில் தனித்தனியாக எடுத்து, அடுக்கி வெட்டி, மேலே தடதடவென்று சத்தத்தைச் சேர்த்தார், நடுவில் தோட்டாக் கூடுகள் தரையில் விழுகிற ஷாட். பார்க்கிறவனுக்கு அது இயந்திரத் துப்பாக்கிதான். அதே படத்தில் சில இடங்களில் நடிகர்கள் கையில் இருந்தது தண்ணீர்த் துப்பாக்கி!

இன்னும் கீழே இறங்கிப் பார்க்க வேண்டுமானால் உகாண்டா. கம்பாலாவில் வாகலிகா என்ற குடிசைப் பகுதியில் ஐசக் நப்வானா என்பவர் 2010-ல் ‘ஹூ கில்டு கேப்டன் அலெக்ஸ்’ எடுத்தார், செலவு 200 டாலருக்கும் கீழே என்று சொல்கிறார்கள். துப்பாக்கிகள் எல்லாம் மரத்திலும் பழைய இரும்பிலும் செய்தவை. குண்டடிக்கு, ஆணுறையில் சிவப்புச் சாயம் நிரப்பி சட்டைக்குள் வைத்தார்கள். குழல் முனையில் தெறிக்கிற நெருப்பு முழுக்கக் கணினியில் சேர்த்தது, அந்தக் கணினியும் அவரே பாகம் வாங்கிப் பூட்டியது. உலகம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பொம்மையைக் காட்டிக்கொடுப்பது எடைதான். தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும், பிளாஸ்டிக் பொம்மையை நடிகர் சீப்பு மாதிரி ஆட்டுவார். கைப்பிடிக்குள் தூண்டில் ஈயத்தைத் திணித்து அடையுங்கள், மணிக்கட்டு தானாக இறங்கும். பளபளப்பு இல்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் பென்சில் கரியைப் பொடித்து விளிம்புகளில் விரலால் தேய்த்தால் தேய்ந்த இரும்பு மாதிரியே இருக்கும். நெருப்பை எடிட்டிங்கில் ஒரே ஒரு ஃபிரேமுக்கு மட்டும் வையுங்கள், அந்த ஃபிரேமில் நடிகர் முகத்திலும் பக்கத்துச் சுவரிலும் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் விழ வேண்டும், இதை விட்டால்தான் ஒட்டவைத்தது மாதிரி தெரியும். நிஜமாகச் சுட்டாலும் நெருப்பு ஒவ்வொரு முறையும் கேமராவில் விழாது, வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் ஃபிலிம் கேமராவில் பாதி நேரம் ஷட்டர் மூடித்தான் இருக்கும்.

அப்புறம் ஒன்று, இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். தெருவில் எடுப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டு எடுங்கள். 2017-ல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கிராஃபோர்ட்ஸ்வில் ஊரில் ஒரு சின்னப் படத்தின் படப்பிடிப்பு. முகமூடி போட்ட நடிகர் படத்துக்கான துப்பாக்கியோடு மதுக்கடையிலிருந்து வெளியே வந்தார். கொள்ளை என்று நினைத்து யாரோ போன் செய்திருந்தார்கள். வந்த போலீஸ்காரர் சுட்டேவிட்டார். குறி தப்பியதால் நடிகர் உயிர் பிழைத்தார்.

கேள்வி: வெற்றுத் தோட்டாவில் குண்டே கிடையாதே, அது எப்படி ஆளைக் கொல்லும்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: குண்டுதான் இல்லை, வெடிமருந்து இருக்கிறது. 1984-ல் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற இளம் நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் விளையாட்டாக வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். வெளியே வந்த வாயுவும் தோட்டாவின் வாயை அடைத்திருந்த காகிதத் துணுக்கும் மோதிய வேகத்திலேயே மண்டையோடு உடைந்து, சில நாளில் இறந்துபோனார்.

புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீக்கு 1993-ல் நடந்தது இதைவிடக் கொடுமை. குளோசப்பில் காட்ட, நிஜத் தோட்டாக்களிலிருந்து மருந்தைக் கொட்டிவிட்டு டம்மி செய்தார்கள். அடியில் இருக்கும் சின்னப் பற்றவைப்புக் குப்பியை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அது வெடித்து ஒரு குண்டு குழல் பாதியில் மாட்டிக்கொண்டது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டு அவரை நோக்கிச் சுட்டபோது அந்தக் குண்டு வயிற்றில் பாய்ந்தது. அவருக்கு 28 வயது. குழலுக்குள் ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் போதும்.

2021-ல் நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்ததற்குக் காரணம், செட்டுக்குள் வரவே கூடாத நிஜத் தோட்டா. துப்பாக்கிக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு 18 மாதம் சிறை. அவருக்கு அந்தப் படத்தில் இரண்டு வேலை, துப்பாக்கியையும் பார்க்க வேண்டும், மற்ற பொருட்களையும் பார்க்க வேண்டும். சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற இடமா இது?

கேள்வி: ‘ரஸ்ட்’ விபத்துக்குப் பிறகு ஹாலிவுட்டில் நிஜத் துப்பாக்கியை நிறுத்திவிட்டார்களா? (வாசகி, மதுரை)

பதில்: எல்லோரும் இல்லை. ‘தி ரூக்கி’ தொடர் உடனே ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு (பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற, நிஜம் மாதிரி இருக்கும் துப்பாக்கி) மாறி, நெருப்பைக் கணினியில் சேர்க்கத் தொடங்கியது. தன் நிறுவனத்துப் படங்களில் இனி ரப்பர் துப்பாக்கிதான் என்று நடிகர் டுவைன் ஜான்சனும் அறிவித்தார்.