'சோறு குடுத்தாங்களாம்'

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில இரிக்கன். அம்மா மண்டூர்ல தனிய. தம்பிமார் ரெண்டு பேரும் வெளிநாடு. போன கார்த்திகை மழைக்கு மூணு நாள் கரண்ட் இல்ல, வாவியக் கடக்கிற பாதைப் படகும் ஓடல்ல, அம்மாட போன் ஓஃப். பயந்தே போயிட்டன். பக்கத்து வீட்டாக்கள் சோறு குடுத்தாங்களாம். அவங்களோட எல்லை வேலிப் பிரச்சினை, நாலு வருசமா கதையில்ல, அம்மாவையும் கதைக்க வேணாமெண்டு சொல்லியிரிக்கம். இப்ப தம்பி டச் போன் அனுப்பியிரிக்கான், அம்மா தொடுறாவே இல்ல. எப்படிப் பழக்குற?

பதில்: மகள், போன் கதைய பிறகு பாப்பம். 'குடுத்தாங்களாம்' எண்டு எழுதியிரிக்கீங்களே, அந்த 'ஆம்' எனக்கு நெஞ்சுக்குள்ள குத்துது. அப்ப நீங்க நேர போய் அவங்களிட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல, ஒரு நன்றியும் சொல்லல்ல. மூணு நாள் உங்கட அம்மாட வயித்தக் காயவிடாம பாத்த சனம், உங்கட கடிதத்தில ஒரு வரியோட முடிஞ்சிட்டு.

டவருக்கும் கரண்ட் வேணும் புள்ள, பெட்டரி இறங்கினா அதுவும் செத்துரும், அந்த நேரம் எந்த டச் போனும் உதவாது. தண்ணிக்குள்ளால சோத்துக் கோப்பையோட வந்தது நீங்க கதைக்க வேணாமெண்டு தடுத்த ஆக்கள்தான். 2020 ஊரடங்கு நேரமும் இதே மாதிரி கடிதங்கள் வந்திச்சு, எல்லாரும் கேட்டது போனப் பத்தித்தான், பக்கத்து வீட்டப் பத்தி ஒருத்தரும் கேக்கல்ல.

1978 நவம்பர் 23 சூறாவளிக்கு நான் சின்னப்புள்ள. எங்கட கூரை போனதும் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடினது கோபக்கார வீட்டுக்கு, கிட்டடியில கல்வீடு எண்டு அது ஒண்டுதான் இரிந்திச்சு. அந்த வீட்டுப் பெரியம்மா கதவத் துறக்கக்குள்ள வேலியப் பத்திக் கேக்கல்ல, பாய எடுத்து விரிச்சா.

காணி விசயத்தில நியாயம் உங்கட பக்கமே இரிக்கட்டும், சேவையரக் கூப்பிட்டு அளந்து பாருங்க. ஆனா அம்மாட வாய அடைக்க உங்களுக்கு என்ன உரிமை? நாள் முழுக்க வேலிக்கு அங்கால ஒரு மனுசி 'இண்டைக்கு என்ன கறி' எண்டு கேட்டா அவ பேசாம இரிக்கோணும், ராவைக்கு மட்டும் உங்கட முகத்த போன்ல பாத்துச் சிரிக்கோணுமா? நம்மட பக்கம் வீடு பொம்புளப்புள்ளைக்குத்தான், தாயப் பாக்கிற கடமையும் அந்த வீட்டோட சேந்துதான் வாற, தம்பி போன் அனுப்பிட்டான் எண்டு நீங்க அதில இருந்து கழரேலா.

வாற ஞாயிறு குருமண்வெளிக்கு பஸ் ஏறுங்க, பாதையால அங்கால போங்க, அம்மா வீட்டுக்குப் போக முதல் பக்கத்து வீட்டுக் கடப்படியில நில்லுங்க. அவங்கட நம்பர வாங்குங்க, உங்கடதக் குடுங்க. அதையும் ஊர் கிராம சேவகர் ஜிஎஸ்ட நம்பரையும், அனர்த்தத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990 எண்டு பெரிய எழுத்தில எழுதி அடுப்படிச் சுவர்ல ஒட்டுங்க. அம்மாக்கு இப்போதைக்கு பட்டன் போன் காணும், சார்ஜும் கூட நேரம் நிக்கும்.

வெறுங்கையோட போகாதீங்க. அந்த வீட்டு மாமிக்கு என்ன விருப்பமெண்டு அம்மாட்ட கேளுங்க, அவக்குத் தெரியும், நாலு வருசமும் உங்களுக்கு ஒளிச்சுக் கதைச்சுக்கொண்டுதான் இரிந்திருப்பா.